கோலாலம்பூர் ஸ்டேடியம் கச்சேரிக்கு மதுரையில இருந்து போறோம், எதுல சிக்கல் வரும்?

திருநகர் பொண்ணு:
நானும் தங்கச்சியும் புக்கிட் ஜாலில் ஸ்டேடியத்துல நடக்குற பாப் கச்சேரிக்குப் போகப் போறோம். டிக்கெட் விற்பனை இன்னும் ஆரம்பிக்கல. ரெண்டு பேருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். எங்க தங்குறது? நின்னு பாக்குறதா, சீட்டா?

மாட்டுத்தாவணி வாசி:
மலேசியா நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுது. அங்க காலை 10 மணிக்கு விற்பனைன்னா இங்க 7:30. பேங்க் ஆப்ல கார்டுக்கு வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனையை முதல் நாளே ஆன் பண்ணுங்க, லிமிட்டையும் ஏத்திருங்க. இது ஆஃப்ல இருந்தா பணம் கட்டுற இடத்துல ஃபெயில் ஆகும், திரும்ப வரிசையில கடைசிக்குப் போகணும். பேரு பாஸ்போர்ட்ல உள்ளபடி இருக்கட்டும். தெரியாத ஆள்கிட்ட ஸ்கிரீன்ஷாட் டிக்கெட் மட்டும் வாங்காதீங்க, ஒரே க்யூஆரை நாலு பேருக்கு விப்பாங்க.

நம்மாளுங்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம், 2026 டிசம்பர் 31 வரை அந்தச் சலுகை இருக்கு. ஆனா டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குறதுக்கு முந்துன மூணு நாளுக்குள்ள நிரப்பணும். அது இலவசம். காசு கேட்டா போலி தளம். விமானம் திருச்சியில இருந்து நேரடியாவே இருக்கு.

ரயில் பைத்தியம்:
நகர மையத்துல இருக்குற புக்கிட் பிந்தாங்ல ரூம் போடாதீங்க, ராத்திரி திரும்ப ரொம்ப தூரம். பண்டார் தாசிக் செலாத்தான் பக்கம் பாருங்க. ஏர்போர்ட்ல இருந்து கேஎல்ஐஏ டிரான்சிட் ரயில் நேரா அங்க நிக்கும் (எக்ஸ்பிரஸ் நிக்காது, மாத்தி ஏறிடாதீங்க). அங்கிருந்து ஸ்ரீ பெட்டாலிங் லைன் எல்ஆர்டியில (நகர ரயில்) சுங்கை பெசி, அடுத்தது புக்கிட் ஜாலில். ஸ்டேடியம் ஸ்டேஷனை ஒட்டியே இருக்கு.

டச் 'என் கோ கார்டுல (ரயிலுக்குக் காசு ஏத்தி வச்சுத் தட்டுற கார்டு) திரும்பி வர்றதுக்கும் சேத்து முன்னாடியே காசு ஏத்துங்க. கச்சேரி முடிஞ்சதும் டோக்கன் மெஷின் முன்னாடி நிக்கிற கூட்டம் சித்திரைத் திருவிழாக் கூட்டந்தான். எல்ஆர்டி நள்ளிரவு வாக்குல நின்னுரும். அந்த நேரத்துல கிராப் (ஆப் டாக்ஸி) வாடகையும் பலமடங்கு ஏறும்.

திருநகர் பொண்ணு:
நன்றிண்ணே. மழை?

வில்லாபுரம்:
மழை அங்க சாயங்காலத்துல இடியோட கொட்டும்மா. கேலரிக்கு மேல கூரை இருக்கு, மைதானம் திறந்தவெளி. நின்னு பாக்குற டிக்கெட்டுன்னா மைதானந்தான், நனையணும். குடையை உள்ள விடமாட்டாங்க, மத்தவங்களுக்கு மறைக்கும். மெல்லிசு ரெயின்கோட்டு ரெண்டு, போனுக்கு ஜிப் கவரு, காதுக்கு ஃபோம் பிளக்கு. நிக்கிற இடத்துல முன்னால போகணும்னா மத்தியானமே வரிசைக்கு வரணும், உயரம் கம்மின்னா காசு வீண். முதல் தடவைக்குக் கேலரியே நல்லது, மேடைக்கு நேர் எதிர்ப் பக்கம். மேடை ஓரத்து சீட்டு விலை கம்மியா இருக்கும், ஆனா ஸ்பீக்கர் கோபுரம் மறைச்சிரும்.

கூட்டத்துல நெட் படுத்துரும். டிக்கெட்டை ரூம்லயே ஆப்ல திறந்து வச்சிருங்க. ஓடிபி நம்ம ஊர் நம்பருக்குத்தான் வரும், சிம்ல ரோமிங் போடாம விமானம் ஏறாதீங்க. பவர் பேங்க் கைப்பையில மட்டும். அங்க பிளக்கு மூணு தட்டைக் காலு, நம்ம சார்ஜர் நுழையாது, அடாப்டரை நம்ம மதுரை டவுன்ஹால் ரோட்டுலயே வாங்கிருங்க.