கழுத்தில் அயோடின் பூசச் சொன்ன செய்தி

குழு: நம்ம சொந்தங்கள் (ஹட்டன்)

ரவி மாமா (மாலை 6:42): [பலமுறை பகிரப்பட்டது] அவசரம்!!! இந்தியாவில் அணு உலை வெடித்துவிட்டது. நச்சு மேகம் இன்றிரவு மலைநாட்டுக்கு மேலே வரும். மழையில் நனைந்தால் முடி கொட்டும். கழுத்தில் அயோடின் மருந்து பூசவும். எல்லோருக்கும் அனுப்பவும்.

ரவி மாமா: பெய்கிற மழையைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது பிள்ளைகளா.

சுபா: ஐயோ மாமா. எனக்கு ஐந்தாம் மாதம், இன்றைக்கு கிளினிக் போய் நனைந்துகொண்டுதான் வந்தேன். செல்வி அக்கா, இருக்கிறீர்களா? பிள்ளைக்கு ஏதும் ஆகுமா?

செல்வி: இருக்கிறேன் சுபா, இப்போதுதான் எக்ஸ்ரே ரூமை விட்டு வந்தேன். ஒன்றும் ஆகாது, தலையைத் துவட்டு முதலில். மாமா, எந்த உலை, எந்த ஊர், எப்போது வெடித்தது, ஒன்றுமே இல்லையே இதில். ரேடியோ செய்தியும் கேட்டேன், இந்தியப் பத்திரிகைகளையும் பார்த்தேன், ஒரு வரி கிடையாது. 2011 மார்ச்சில் ஜப்பானில் புகுஷிமா உலை கெட்டபோது பிலிப்பைன்ஸில் இதே கதைதான் எஸ்எம்எஸ்ஸில் சுற்றியது. பிபிசி சொன்னதாகப் போட்டு, மழை வந்தால் வெளியே போகாதே, கழுத்தில் பெட்டாடின் என்கிற அயோடின் மருந்தைப் பூசு என்று. அப்போதே பொய் என்று சொல்லிவிட்டார்கள். யாரோ நாட்டின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

பெரியம்மா: பூசினால் பிரயோசனம் இல்லையா? பிரதீப்பை பார்மசிக்கு அனுப்பிவிட்டேனே.

பிரதீப்: வாங்கியாச்சு பெரியம்மா. இரண்டு போத்தல்.

செல்வி: முதலுதவிப் பெட்டியில் வை தம்பி. குடிக்க மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதே. தோலில் பூசுவது கழுத்துக்குள் இருக்கிற தைராய்டு சுரப்பிக்குப் போதிய அளவு போய்ச் சேராது. உண்மையிலேயே விபத்து நடந்தால் கொடுப்பது பொட்டாசியம் அயோடைடு மாத்திரை, பெரியவர்களுக்கு 130 மில்லிகிராம். உலையிலிருந்து வருவதில் அயோடின் 131 என்று கதிர்வீச்சுள்ள அயோடின் ஒன்று இருக்கிறது, உடம்புக்கு நல்ல அயோடின் எது கெட்டது எது என்று தெரியாது, கிடைத்ததை எல்லாம் தைராய்டு இழுத்துக்கொள்ளும். முன்கூட்டியே நல்லதைக் கொடுத்து நிரப்பிவிட்டால், நிறைகுடத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரி மற்றது வெளியே போய்விடும். தைராய்டை மட்டும்தான் காக்கும், அதுவும் அரசாங்கம் சொல்கிற நேரத்தில் போட்டால்தான். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கிற தாய்மாருக்கும்தான் முதலில். நாற்பது தாண்டியவர்களுக்கு அதனால் பெரிய பலன் இல்லை மாமா, உங்களைத்தான் சொல்கிறேன்.

ரவி மாமா: எனக்கு வயது போய்விட்டது என்று சுற்றி வளைத்துச் சொல்கிறாய்.

பிரதீப்: 😂😂

ரவி மாமா: சரி, செர்னோபில்லும் பொய்யா? அப்போது வந்த பால்மாவில் விஷம் இருக்கிறது என்று எங்கள் அப்பா கடைக்காரரோடு சண்டையே போட்டார்.

செல்வி: தாத்தா பயந்ததில் தப்பே இல்லை. அங்கே பிள்ளைகளுக்கு நோய் போனதே பால் வழியாகத்தான். 1986 ஏப்ரல் 26 அதிகாலை சோவியத் நாட்டுச் செர்னோபில் அணுமின் நிலையத்தில் நாலாவது உலை வெடித்தது, பத்து நாள் எரிந்தது. புல்லில் விழுந்த அயோடின் மாட்டுக்குப் போய், பாலுக்கு வந்து, பிள்ளைகளின் தைராய்டில் உட்கார்ந்தது. அது எட்டு நாளைக்கு ஒரு தடவை பாதியாகிவிடும், அதனால் அந்த முதல் சில வாரம் பாலை நிறுத்தியிருந்தாலே எத்தனையோ பேர் தப்பியிருப்பார்கள். சோவியத் அரசாங்கம் அதை நேரத்தோடு சொல்லவில்லை. அப்போது பிள்ளைகளாக இருந்தவர்களில் 2005க்குள் 6,000 பேருக்கு மேல் தைராய்டு புற்றுநோய், அதில் கணிசமான பங்கு இந்தப் பாலால் வந்தது. நல்லவேளை, அது பெரும்பாலும் குணமாக்கக்கூடிய புற்றுநோய், அந்த வருடம் வரைக்கும் இறந்தது 15 பேர். பக்கத்துப் போலந்தில் சில நாளிலேயே ஒரு கோடிப் பிள்ளைகளுக்கு மேல் அயோடின் கொடுத்தார்கள்.

பெரியம்மா: முடி கொட்டும் என்கிறானே?

செல்வி: அது உலைக்குப் பக்கத்திலேயே நின்றவர்களுக்கு. அன்றிரவு வேலையில் இருந்தவர்கள், தீயணைக்கப் போனவர்கள் என்று 134 பேருக்குக் கடும் கதிர்வீச்சு நோய் வந்தது, 28 பேர் சில மாதத்துக்குள் செத்தார்கள். பல நூறு கிலோமீட்டர் தள்ளி மழையில் நனைந்தவனுக்கு அப்படி வராது.

சுபா: அக்கா, வயிற்றுப் பிள்ளைக்கு என்கிறது பற்றிச் சொல்லவே இல்லை நீங்கள்.

செல்வி: சொல்கிறேன். மில்லிகிரே என்பது உடம்பு வாங்குகிற கதிர்வீச்சை அளக்கிற அலகு, அதில் 100க்குக் கீழே வயிற்றுப் பிள்ளைக்கு ஊனம் வந்ததாகக் காணவில்லை, நாங்கள் எடுக்கிற நெஞ்சு எக்ஸ்ரே அதற்குப் பக்கத்தில்கூட வராது. எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், செர்னோபில் சமயத்தில் கிரீஸ் நாட்டில், அவ்வளவு தூரத்தில், விழுந்த அளவோ சொற்பம், ஆனால் ஊனமாகப் பிறக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி ஆசையாகச் சுமந்த பிள்ளைகளைக் கலைத்த பெண்கள் இருக்கிறார்கள். அதனால்தான் மாமாவிடம் கோபப்படுகிறேன். புகுஷிமாவிலும் கதிர்வீச்சு நோயில் உடனே செத்தவர் ஒருவரும் இல்லை, ஆனால் மக்களை அவசரமாக ஊரைவிட்டுக் கிளப்பியதாலும் அகதி வாழ்க்கையாலும் அந்த மாகாணத்தில் மட்டும் 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதிகம் பேர் வயதானவர்கள்.

சுபா: சரி அக்கா. இப்போது கொஞ்சம் மூச்சு வருகிறது.

பிரதீப்: தமிழ்நாட்டுக் கூடங்குளம் அணு உலை நமக்குப் பக்கம்தானே அக்கா? மாமா சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறதே.

ரவி மாமா: அப்படிக் கேள்!

செல்வி: நியாயம் இருக்கிறது, இல்லை என்று நான் சொல்லவே இல்லை. நுவரெலியாவிலிருந்து நேர்கோட்டில் 350 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தென்மேற்குப் பருவத்தில் காற்று அந்தப் பக்கமிருந்து நம் தீவுப் பக்கம்தான் வீசும். தூரத்தை விட மழைதான் முக்கியம், மேகம் போகிற நேரத்தில் எங்கே பெய்கிறதோ அங்கே இறங்கிவிடும். பிரிட்டனில் வேல்ஸ் மலையில் அப்படித்தான் 1986இல் மழையோடு சீசியம் என்கிற கதிர்வீச்சுப் பொருள் இறங்கி, ஆடு விற்கிறதுக்கு 2012 வரைக்கும் கட்டுப்பாடு இருந்தது. நம் மலையில் மழைக்குப் பஞ்சமா?

செல்வி: நமக்கு நெருக்கமான விஷயம் இன்னொன்று. ஜப்பானில் ஷிசுவோக்கா தேயிலைக்குப் பேர்போன இடம், புகுஷிமா உலையிலிருந்து ஏறக்குறைய அதே 350, 360 கிலோமீட்டர். மார்ச்சில் பழைய இலையில் விழுந்த சீசியத்தை செடி இழுத்து, அடுத்து விட்ட கொழுந்துக்கு அனுப்பிவிட்டது. ஐந்து கிலோ கொழுந்து வாடி ஒரு கிலோ தூளாகும்போது அளவும் ஏறுமே, அதனால் 2011 ஜூனில் சில தொழிற்சாலைத் தூள் கிலோவுக்கு 500 பெக்கரல் (கதிர்வீச்சை அளக்கிற அலகு) என்ற வரம்பைத் தாண்டிவிட்டது. ஊற்றிக் குடிக்கிற கோப்பையில் மிகக் கொஞ்சம்தான், ஆனால் பாரிஸ் விமான நிலையத்தில் தூளைப் பிடித்துவிட்டார்களே, அந்தச் செய்தி ஒன்று போதாதா?

பெரியம்மா: செடியை என்ன செய்தார்கள்? பிடுங்கிப் போட்டார்களா?

செல்வி: இல்லை பெரியம்மா, ஆழமாகக் கவ்வாத்து வெட்டினார்கள். பழைய இலையும் வாதும் போனதும் அளவு மளமளவென்று இறங்கியது.

பெரியம்மா: கவ்வாத்து வெட்டினால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஏது கொழுந்து. வேலை இல்லாத நாளுக்குச் சம்பளப் பேர் போடுவார்களா?

பிரதீப்: அதுதானே. நமக்கு நோய் வருமோ வராதோ, நாள் சம்பளம் முதலில் போய்விடும்.

ரவி மாமா: ஜப்பான்காரன் அந்தக் கம்பெனியிடம் நட்டஈடு கேட்பான். கடல் தாண்டி வந்த மேகத்துக்கு நாம் யாரிடம் போய்க் கேட்கிறது?

செல்வி: இதைப் போய் சங்கத்துக் கூட்டத்தில் கேளுங்கள் மாமா, நானும் வருகிறேன். அந்தச் செய்தியை இன்னும் எத்தனை குழுவுக்கு அனுப்பினீர்கள்?

ரவி மாமா: கோவில் கமிட்டிக்கு. அப்புறம் தோட்டத்துக் குழுவுக்கு.

பிரதீப்: அங்கே பத்து பேர் பார்மசி பூட்டிவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.