'டூலாலி' என்றால் என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

கேள்வி:
இங்கிலாந்தில், யார்க்ஷயரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். நேற்று 88 வயதுப் பாட்டி ஒருவர் மூக்குக்கண்ணாடியை அறை முழுக்கத் தேடினார். கடைசியில் பார்த்தால் தலைமேலேயே இருக்கிறது. "நான் டூலாலி ஆகிட்டேன், கண்ணு" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். ஆனால் என் கையை விடவே இல்லை. மூளை குழம்பிவிட்டது என்று அர்த்தமா? கேட்டால் ஏதோ இந்திய ஊர்ப் பெயர் மாதிரி இருக்கிறதே!

பதில் 1:
அர்த்தம் அதுதான், புத்தி பிசகுவது. ஊர்ப் பெயர் என்றதும் சரி. மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கத்தில் இருக்கும் தேவளாலிதான் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வாயில் டூலாலி ஆனது. 1860களில் அங்கே ராணுவ முகாம் அமைத்தார்கள். பணிக்காலம் முடிந்தவர்கள் கப்பலுக்காக அங்கே காத்திருப்பார்கள். கப்பல்களோ ஏறக்குறைய நவம்பர் முதல் மார்ச் வரைதான் பம்பாயிலிருந்து புறப்படும். ஏப்ரலில் காலம் முடிந்தவன் என்ன செய்வான்? ஆறேழு மாதம் வெயிலில், வேலை வெட்டி இல்லாமல் கிடக்க வேண்டும். குடி ஒரு பக்கம், மலேரியா ஒரு பக்கம். அதில் நிலைகுலைந்தவனுக்கு 'டூலாலி டேப்' பிடித்துவிட்டது என்பார்கள். உருதுவில் 'தப்' என்றால் காய்ச்சல். நாம் சொல்லும் 'தாபம்' அதற்குச் சொந்தம்தான். அப்புறம் காய்ச்சல் உதிர்ந்துபோய் ஊர்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பதில் 2:
தேவளாலி பீரங்கிப் பள்ளியில் நான் பயிற்சி எடுத்திருக்கிறேன். காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே வர முடியாது, அவ்வளவு நல்ல காற்று. உடம்பு தேறுவதற்கென்றே அங்கே வருவார்கள், சானடோரியங்கள் உண்டு. அந்த ஊரின் பெயர் போய் இப்படி ஒரு சொல்லாகிவிட்டதே என்று மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பதில் 3:
நானும் இங்கே நர்ஸ்தான், தங்கச்சி. அந்தம்மா தன்னைப் பற்றி அப்படிச் சொல்லலாம், நாம் அவரைச் சொல்லக் கூடாது. மறதி நோய் உள்ளவர் காதில் விழுந்தால் நொந்துபோவார். குறிப்பேட்டிலும் எழுதாதீர்கள். எதைத் தேடினார், எத்தனை முறை என்று மட்டும் எழுதுங்கள். அடிக்கடி நடந்தால் பொறுப்பு நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி அக்கா, எல்லோருக்கும் நன்றி. இன்று பாட்டியின் கண்ணாடிக்குக் கழுத்துக் கயிறு மாட்டிக் கொடுத்தேன். கப்பல் கதையும் சொன்னேன். "ஆறு மாசமா? பாவம் அந்தப் பிள்ளைங்க" என்றார்.