கப்பல் கேபின்ல ஜன்னல் திறக்குமாம்! யாருப்பா இதெல்லாம் கிளப்பி விடுறது?

பட்ஜெட்_பயணி | சனி, இரவு 9:12

போன வாரம் "லீவுக்கு எங்க போகலாம்" திரியில சுஜி_அம்பத்தூர் எழுதினதை அப்படியே போடுறேன், பாருங்க: "கப்பல்ல போனா உள் கேபின் மட்டும் எடுக்காதீங்க, அது குடோன். கொஞ்சம் கூடப் போட்டு ஓஷன் வியூ எடுத்தா ஜன்னலைத் திறந்து விட்டுட்டு கடல் காத்துல தூங்கலாம்."

இதைப் படிச்சுட்டு என் மச்சான் ரெண்டு நாளா சோறு திங்க விடல. அவங்க வீட்ல நாலு பேரு. சென்னையிலேருந்து வைசாக் போயி புதுச்சேரி வழியா திரும்புற கப்பல் இந்த வருஷமும் வந்தா போகணும்னு பிளான். நான் போன வருஷம் உள் கேபின்ல, அதாவது ஜன்னலே இல்லாத ரூம்ல, போயிட்டு வந்தவன், அதையே எடுடான்னு சொல்லி வச்சிருந்தேன். விளம்பரத்துல போடுற ரேட்டு ஒரு ஆளுக்கு, அதுவும் ஒரு கேபின்ல ரெண்டு பேர் இருந்தாத்தான். மூணாவது நாலாவது ஆளு செவுத்துலேருந்து இறக்கி விடுற மேல் பெர்த்துல படுக்கணும், அவங்களுக்கு ரேட்டு கம்மி. துறைமுகக் கட்டணம், டிப்ஸ், ஜிஎஸ்டி எல்லாம் அப்புறமா வந்து ஏறும். எல்லாம் கூட்டி ஒரு கணக்கு போட்டு வச்சா, இப்ப ஜன்னல் திறக்கிற ரூம் வேணுமாம். அந்த ஜன்னல் திறக்கவே திறக்காதுங்க. கண்ணாடியை சீல் பண்ணி வச்சிருப்பான். இதைச் சொன்னா "அவங்க போயிட்டு வந்தவங்க, பொய்யா சொல்வாங்க"ன்றான். நான் மட்டும் என்ன தோணியிலயா போனேன்?

சுஜி_அம்பத்தூர் | சனி, இரவு 9:50

என் பேரைப் போட்டு தனித் திரியே ஆரம்பிச்சிட்டீங்களா, சந்தோஷம். நான் போனேன், என் கேபின்ல திறந்துச்சு. என் பொண்ணு தலையை வெளிய நீட்டி போட்டோ எடுத்துக்கிட்டா. அவ்வளவுதான். கப்பல் பேரு, ஏஜென்ட் பேரு எதுவும் சொல்ல மாட்டேன், அந்த ஏஜென்ட் கூட எனக்கு வேற ஒரு கணக்கு பாக்கி இருக்கு. உங்களுக்கு உள் கேபின் எடுத்த வயித்தெரிச்சல்னா ஜெலுசில் குடிங்க.

சீஃப்_ராயபுரம் | சனி, இரவு 10:31

34 வருஷம் கப்பல்ல இருந்தவன், சீஃப் இன்ஜினியரா ரிட்டயர் ஆனவன்ற முறையில சொல்றேன். திறக்காது.

பயணிக் கப்பல்ல பக்கவாட்டுல இருக்கிற கண்ணாடி கீழ் டெக்குகள்ல வட்டமா இருக்கும், மேல போகப் போக சதுரமா பெருசா இருக்கும், எதுவா இருந்தாலும் பாசஞ்சர் கையில திறக்கிற மாதிரி வைக்க மாட்டான். தண்ணி மட்டத்துக்குப் பக்கத்துல இருக்கிற கண்ணாடிக்கு உள்பக்கம் இரும்பு மூடி வேற இருக்கும், டெட்லைட்னு பேரு, கடல் கொந்தளிச்சா அதை இறக்கி திருகி மூடிடுவாங்க. ஏன்னு கேட்டா, கப்பல் ஒரு பக்கம் சாஞ்சா திறந்த ஜன்னல் வழியா தண்ணி உள்ள வரும், அவ்வளவு சிம்பிள். 1912-ல டைட்டானிக் முழுகினதுக்கு அப்புறம்தான் 1914-ல சோலாஸ்னு ஒரு சர்வதேச ஒப்பந்தமே வந்துச்சு, கடல்ல உயிர் காக்குறதுக்கான விதிங்க, எந்தக் கதவை எந்த ஜன்னலை எப்ப மூடி வைக்கணும்னு அதுல எழுதி இருக்கு. போதாக்குறைக்கு கப்பல் பூரா சென்ட்ரல் ஏசி. ஆளாளுக்கு ஜன்னலைத் திறந்தா அந்த ஈரக் காத்துல ஏசி என்னத்துக்கு ஆகும்? அதுல தலையை நீட்டி போட்டோ எடுத்தாங்களாம். நல்லா வருது வாயில.

நான்கௌரி_பாய் | சனி, இரவு 11:05

சீஃப் சார், ஒரு நிமிஷம். 1996-ல நான் சென்னையிலேருந்து போர்ட் பிளேருக்கு நான்கௌரிங்கிற கப்பல்ல போனேன், பங்க் கிளாஸ்தான், கேபின் இல்லாத பொதுப் படுக்கை, ஆனா மேல கேபின்ல இருந்த எங்க மாமாவைப் பாக்கப் போனப்ப அவர் ஜன்னலைத் திறந்து பீடி குடிச்சிக்கிட்டு இருந்தாரு. இதுக்கு என்ன சொல்றீங்க?

சீஃப்_ராயபுரம் | சனி, இரவு 11:19

அது குரூஸ் கப்பல் இல்ல. அது பஸ். ஆளையும் சரக்கையும் அந்தமானுக்கு கொண்டு போயி இறக்கி விடுறது. அங்க திறந்தா என்ன, திறக்காட்டி என்ன. பேசுறது குரூஸைப் பத்தி.

நான்கௌரி_பாய் | சனி, இரவு 11:24

மூணு நாள் கடல்ல போறோம், சோறு போடுறான், கேபின் தர்றான், டால்பின் காட்டுறான், அது பஸ்ஸு. சென்னையில ஏறி கடல்ல ஒரு ரவுண்டு அடிச்சு மறுபடி சென்னையிலயே இறக்கி விடுறான், அது கப்பல் பயணம். நல்லா இருக்கு சார் உங்க நியாயம். எங்க ஆளுங்க போறது பஸ்ஸு, பணக்காரன் போறது குரூஸு.

சீஃப்_ராயபுரம் | சனி, இரவு 11:40

பணக்காரன் ஏழைன்னு நான் எங்கய்யா சொன்னேன்? பேச்சை மாத்தாதீங்க. ஜன்னல் திறக்காது.

தாரிணி.கே | ஞாயிறு, காலை 6:58

ஒரு சந்தேகம். ஜன்னல்னு நீங்க எல்லாரும் எதைச் சொல்றீங்க? ஓஷன் வியூ கேபின் வேற, பால்கனி கேபின் வேற இல்லையா? பால்கனின்னா இழுத்துத் திறக்கிற கண்ணாடிக் கதவு இருக்குமே. சுஜி அக்கா எடுத்தது எது?

சுஜி_அம்பத்தூர் | ஞாயிறு, காலை 8:15

34 வருஷம்னு சொன்னாரே சீஃப், அவரை ஒண்ணு கேக்கணும். நீங்க வேலை பார்த்தது இன்ஜின் ரூம்ல. இன்ஜின் ரூம்ல ஏது சார் ஜன்னல்? தண்ணிக்கு அடியில உக்காந்து ஆயில் பார்த்தவருக்கு மேல எட்டாவது டெக்ல ஜன்னல் திறந்ததா மூடுனதான்னு எப்படித் தெரியும்?

பட்ஜெட்_பயணி | ஞாயிறு, காலை 8:22

😂😂 இருந்தாலும் திறக்காதுங்க. என் கேபினுக்கு எதிர்த்தாப்ல ஓஷன் வியூல ஒரு திருப்பூர் குடும்பம் இருந்துச்சு, அவங்க ரூம்ல நானே போயி தட்டிப் பார்த்தேன். அதுல பாதி ஜன்னலை லைஃப் போட் மறைச்சிக்கிட்டு வேற இருந்துச்சு. கடலைப் பாக்கக் காசு கட்டிட்டு ஆரஞ்சு கலர் படகைப் பாத்துக்கிட்டே போனாங்க பாவம். புக் பண்றப்பவே டெக் பிளான் பார்த்து லைஃப் போட் எந்த டெக்ல தொங்குதுன்னு பாக்கணும், அதை யாரும் சொல்லித் தர்றதில்ல. அதை விட்டுட்டு திறக்கும் காத்து வரும்னு கதை.

சீஃப்_ராயபுரம் | ஞாயிறு, காலை 9:03

இன்ஜின் ரூம்ல ஜன்னல் இல்லைன்னு அம்பத்தூர்லேருந்து ஒருத்தவங்க எனக்குப் பாடம் எடுக்குறாங்க. ரொம்ப நன்றிம்மா. சீஃப் இன்ஜினியர் இன்ஜின் ரூம்லயே பாய் விரிச்சுப் படுக்குறதில்ல. அவருக்கு மேல கேபின் உண்டு, கேப்டன் கேபினுக்கு சமமா. அந்தக் கேபின்ல ஜன்னலும் உண்டு. சரக்குக் கப்பல்ல என் ஜன்னலை நானே திறந்திருக்கேன், நாலு போல்ட், பித்தளை, உப்புக் காத்துல இறுகிப் போயிடும், கிரீஸ் தடவி வைக்கணும். அதெல்லாம் செஞ்சவன்தான் சொல்றேன், குரூஸ் கப்பல்ல பாசஞ்சருக்கு அது கிடையாது.

இன்னொண்ணும் சேர்த்துச் சொல்லிடுறேன், மச்சானுக்குப் புக் பண்றவரு கேட்டுக்கோங்க. ஜன்னலை விடுங்க, கேபின் எந்த இடத்துலன்னு பாருங்க. கப்பலோட நடுப்பகுதியில, கீழ் டெக்குல எடுத்தா ஆட்டம் கம்மி. சீசா பலகையில நடுவுல உக்காந்தவனுக்கு ஆட்டம் தெரியாது, ஓரத்துல இருக்கிறவன்தான் மேலயும் கீழயும் போவான், அதே கணக்குதான். முன்னாடி எடுத்தா அலை அடிக்கிற சத்தம் கேக்கும், பின்னாடி எடுத்தா புரொப்பல்லர் அதிர்வு. டிஸ்கோவுக்கு நேர் கீழ எடுத்தா தூக்கம் காலி. ரேட்டு கம்மியா கேரன்டி கேபின்னு ஒண்ணு தருவான், கேபின் நம்பர் கடைசியிலதான் தெரியும், எங்க போடுவான்னு அவன் இஷ்டம். வாந்தி வர்ற ஆளு அதை எடுக்கவே கூடாது. ஜூன், ஜூலை தென்மேற்குப் பருவக்காத்து காலம், அரபிக் கடல் பக்கம் அளவுக்கு இல்லாட்டியும் நம்ம பக்கமும் ஆடும். ஏறுறதுக்கு முன்னாடியே அவோமின் போடணும், வாந்தி வந்தப்புறம் போட்டா மாத்திரையும் சேர்ந்து வெளிய வந்துரும்.

இதெல்லாம் தெரிஞ்சுதான் பேசுறேன். ஜன்னல் திறக்காது.

வைட்டவுன்_வாசி | ஞாயிறு, காலை 10:11

சென்னை-வைசாக்-புதுச்சேரின்னு எல்லாரும் எழுதுறீங்க. 2022 ஜூன் 4-ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைச்சு அனுப்பி வச்ச கப்பலை எங்க புதுச்சேரியில நிக்கவே விடல, ஞாபகம் இருக்கா? சூதாட்டம் இருக்குன்னு அரசு அனுமதி கொடுக்கல. கடைசியா 2025 ஜூலையிலதான் வந்துச்சு. அதுவும் கரைக்கு வரல, ஆழம் பத்தாது, கடல்லயே நங்கூரம் போட்டுட்டு ஆளுங்களைப் படகுல கொண்டு வந்து இறக்குனாங்க.

மயிலாப்பூர்_மோகன் | ஞாயிறு, காலை 10:30

பாண்டிச்சேரிக்காரங்க சரக்கைப் பத்தி ஒழுக்கம் பேசுறது இந்த நூற்றாண்டோட காமெடி.

வைட்டவுன்_வாசி | ஞாயிறு, காலை 10:34

வார கடைசியானா ஈசிஆர்ல வரிசை கட்டி வர்றது யாரு? உங்க கார் நம்பரா எங்க கார் நம்பரா? எங்க ஊரைப் பத்தி பேசுறதுக்கு முன்னாடி அதை எண்ணிப் பாருங்க. அப்புறம் பிரச்சினை சூது, சரக்கு இல்ல. படிச்சுட்டுப் பேசுங்க.

பட்ஜெட்_பயணி | ஞாயிறு, காலை 10:52

அய்யா ரெண்டு பேரும் தனியாப் போயி சண்டை போடுங்க. இது ஜன்னல் திரி.

விசாகா_வேலு | ஞாயிறு, மதியம் 12:20

நான் இருக்கிறது வைசாக்ல. இங்க 2023 செப்டம்பர்ல குரூஸுக்குன்னே தனி டெர்மினல் திறந்தாங்க, 96 கோடி செலவு. கப்பல் இங்க நேரா கரையை ஒட்டியே வந்து நிக்கும், இறங்கி நடந்தே வரலாம். எல்லாரும் கைலாசகிரிக்கும் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் மியூசியத்துக்கும் ஓடுறாங்க. அந்த நீர்மூழ்கியில ஜன்னலே கிடையாது, அதைப் பார்த்தா உள் கேபின் அரண்மனைன்னு தோணும் ஹிஹி.

நாகை_நாச்சியப்பன் | ஞாயிறு, பகல் 2:45

எங்க தாத்தா ரஜூலா கப்பல்ல பினாங்கு போனவரு. டெக் பாசஞ்சர். கேபினும் கிடையாது ஜன்னலும் கிடையாது, பெட்டியைத் தலைக்கு வச்சு பாயை விரிச்சா அதுதான் ரூம். எங்கப்பா சிதம்பரம் கப்பல்ல போனாரு, 1985-ல தீப்பிடிச்சதோட அதுவும் நின்னு போச்சு. நாகப்பட்டினத்துலேருந்து ஜனங்க கப்பல் ஏறிப் பொழைக்கப் போன காலத்துல யாரும் காத்து வருதான்னு கேக்கல. இப்ப கடல்ல சுத்திட்டு வர்றதுக்கு ஜன்னல் சண்டை.

சுஜி_அம்பத்தூர் | ஞாயிறு, பகல் 3:30

சென்டிமென்ட் எல்லாம் சரி. நான் பொய் சொல்றேன்னு ஒரு ஆள் திரி ஆரம்பிச்சிருக்காரு, அதுக்கு நான் பதில் சொல்லாம யார் சொல்றது. போட்டோ இருக்கு. பொண்ணோட போன்ல இருக்கு, அவ ஹாஸ்டல்ல இருக்கா. முடி காத்துல பறக்குது அதுல. மூடின ஜன்னலுக்குள்ள முடி எப்படிப் பறக்கும்? ஏசி காத்துலயா? போடுறேன் இருங்க.

அப்புறம் பட்ஜெட்_பயணி, உங்களை எனக்குத் தெரியும். ரெண்டு வருஷம் முன்னாடி ஊட்டி ரூம் திரியிலயும் இதே மாதிரிதான் என்கிட்ட வந்து ஹீட்டர் கிடையாதுன்னு நின்னீங்க. ஹீட்டர் இருந்துச்சு.

பட்ஜெட்_பயணி | ஞாயிறு, பகல் 3:41

அந்த ஹீட்டருக்கு தனியா காசு வாங்கினான்னு நீங்களே அங்க ஒத்துக்கிட்டீங்க. அதை ஏன் இப்ப இழுக்குறீங்க?

தாரிணி.கே | ஞாயிறு, மாலை 4:05

அக்கா, நீங்க எடுத்தது பால்கனி கேபினான்னு கேட்டேன், அதுக்கு மட்டும் பதில் சொன்னீங்கன்னா முடிஞ்சு போச்சே.

சீஃப்_ராயபுரம் | ஞாயிறு, மாலை 4:48

பால்கனியோ கில்கனியோ, கேள்வி அது இல்ல. அவங்க எழுதினது "ஜன்னலைத் திறந்து". ஜன்னல் திறக்காது. முதல்ல அதை ஒத்துக்கச் சொல்லுங்க, அப்புறம் பால்கனிக்கு வருவோம். சென்னை-வைசாக் ரூட்ல வந்த அந்தக் கப்பல் 1990-ல பிரான்ஸ்ல கட்டினது, அப்பல்லாம் இவ்வளவு பால்கனி வைக்கிற பழக்கமே இல்ல, கிட்டத்தட்ட 800 கேபின் இருக்கிற கப்பல்ல பால்கனி இருக்கிறது கொஞ்சம்தான். இவங்களுக்கு ஓஷன் வியூ ரேட்டுல பால்கனி கிடைச்சுதாமா? முடி பறந்துச்சாம். மேல் டெக்ல நின்னு எடுத்துட்டு ரூம்ல எடுத்தோம்னு சொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

சுஜி_அம்பத்தூர் | ஞாயிறு, மாலை 5:02

எந்தக் கப்பல்னு நான் சொல்லவே இல்லையே சார், நீங்களா முடிவு பண்ணி வருஷம் வரைக்கும் சொல்றீங்க. இப்ப பொம்பளை பொய் சொல்றான்னு சொல்ல வர்றீங்க. ரொம்ப நல்லது. என் வீட்டுக்காரரும் கூட இருந்தாரு, அவரும் பொய்யா?

சீஃப்_ராயபுரம் | ஞாயிறு, மாலை 5:10

உங்க வீட்டுக்காரரை நான் எதுக்கும்மா இழுக்குறேன். அவரு பாவம். ஆம்பளை பொம்பளை எல்லாம் இல்ல, கண்ணாடிக்கு அது தெரியாது. திறக்காது.

நான்கௌரி_பாய் | ஞாயிறு, மாலை 6:26

எங்க மாமா பீடி குடிச்சாரு. நான் கண்ணால பார்த்தேன். அதுக்கு இன்னும் பதில் வரல.

சீஃப்_ராயபுரம் | ஞாயிறு, இரவு 7:15

பாய், உங்க மாமா பீடி குடிச்சது தப்பு. அதுதான் பதில். கேபின்ல நெருப்பு வச்சிக்கிட்டு ஜன்னலைத் திறந்து வச்சா காத்து உள்ள அடிக்கும், மெத்தையில பொறி விழும். கப்பல்ல தண்ணியை விட நெருப்புக்குத்தான் நாங்க பயப்படுவோம். சிதம்பரம் கப்பலைப் பத்தி இப்பத்தானே நாச்சியப்பன் எழுதினாரு, படிச்சீங்களா இல்லையா.

நான்கௌரி_பாய் | ஞாயிறு, இரவு 7:20

அப்ப திறந்துச்சுன்னு ஒத்துக்கிட்டீங்க.

சீஃப்_ராயபுரம் | ஞாயிறு, இரவு 7:21

பஸ்ல திறந்துச்சு.

கோடம்பாக்கம்_குமார் | ஞாயிறு, இரவு 8:02

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நாங்க மூணு பேரு, அம்மாவுக்கு 71 வயசு, மேல் பெர்த் ஏற முடியாது. உள்நாட்டுப் பயணம்தானே, பாஸ்போர்ட் இல்லாம ஆதார் வச்சே ஏறலாமா? மூணு பேரும் ஒரே கேபின்ல கீழயே படுக்கிற மாதிரி கிடைக்குமா, இல்ல ரெண்டு கேபின் எடுக்கணுமா?

பட்ஜெட்_பயணி | ஞாயிறு, இரவு 8:30

ஆதார் போதும் சார், இந்தியாவுக்குள்ளயே சுத்துற ரூட்டுக்கு பாஸ்போர்ட் கேக்கல, துறைமுக வாசல்ல ஒரிஜினல் அட்டை காட்டணும். படுக்கைக்கு புக் பண்றப்பவே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. ரெண்டாவது கேபின்ல ஒரே ஒரு ஆளுன்னா அதுக்கும் கூடுதல் கட்டணம் போடுவான். உள் கேபின் எடுத்தா ரெண்டு கேபினும் கட்டுப்படியாகும், நூத்திச் சொச்சம் சதுர அடிதான், ஆனா லைட்டை அணைச்சா பட்டப் பகல்லயும் கும்மிருட்டு, அம்மா நல்லாத் தூங்குவாங்க. ஜன்னலுக்காக மட்டும் காசு கூடக் கொடுத்துராதீங்க, திறக்காது.

சுஜி_அம்பத்தூர் | ஞாயிறு, இரவு 8:44

71 வயசு அம்மாவை பகல்லயும் கும்மிருட்டுல படுக்க வைக்கச் சொல்ற ஐடியாவைப் பாருங்க. குமார் சார், ஓஷன் வியூ எடுங்க, நிம்மதியா காத்து வரும்.

சீஃப்_ராயபுரம் | ஞாயிறு, இரவு 8:51

எங்கேருந்து வரும்??

சுஜி_அம்பத்தூர் | ஞாயிறு, இரவு 8:52

கடல்லேருந்து.

சீஃப்_ராயபுரம் | ஞாயிறு, இரவு 9:30

என் பழைய டிரங்குப் பெட்டியில ஒரு பயணிக் கப்பலோட வரைபடம் இருக்கு, அது ரிப்பேருக்கு டிரை டாக்ல நின்னப்ப வாங்கி வச்சது. மகன் செவ்வாய்க்கிழமை வந்து ஸ்கேன் பண்ணித் தர்றேன்னிருக்கான். எல்லா டெக்கும் போடுறேன், ஒவ்வொரு ஜன்னலா அம்புக்குறி போட்டுக் காட்டுறேன். அதுவரைக்கும் போட்டோ வருதான்னு பார்ப்போம்.

தாரிணி.கே | ஞாயிறு, இரவு 9:37

பால்கனியா இல்லையா அக்கா?

பட்ஜெட்_பயணி | ஞாயிறு, இரவு 10:15

மச்சான் இப்பத்தான் போன் பண்ணான். இந்தத் திரியை முதல்லேருந்து உக்காந்து படிச்சானாம். நான்கௌரி கப்பல்ல திறக்குமாமே, அதுல நாலு டிக்கெட் கிடைக்குமான்னு கேக்குறான்.