கேப்டனை நேரில் கண்டவர்களின் நினைவுகள்

கட்டுமானத் தொழிலாளி, துவாஸ்

விஜயகாந்த் அவர்கள் காலமான செய்தி 2023 டிசம்பர் 28, வியாழக்கிழமை, சிங்கப்பூர் நேரப்படி நண்பகலை ஒட்டி எங்கள் கைப்பேசிகளுக்கு வந்து சேர்ந்தபோது, நாங்கள் மதியச் சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தோம். இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. கேட்டரிங் சாப்பாடு எப்படிப்பட்டது என்பது இங்கே அதைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். நள்ளிரவில் சமைக்கப்பட்டு, விடியற்காலையில் விடுதி வாசலில் வந்து இறங்கும் சோறு பகல் பன்னிரண்டு மணிவரை பையிலேயே கிடக்கும். குழம்புப் பையின் முடிச்சை அவிழ்த்ததும் முதலில் முகர்ந்து பார்ப்போம். புளித்திருந்தால் அதை ஒதுக்கிவிட்டு ஊறுகாயைத் தொட்டுக்கொள்வோம். அன்றைக்குக் குழம்பு கெட்டிருக்கவில்லை. ஆனாலும் எங்கள் பதினோரு பேரில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை.

உடன் வேலை செய்யும் பங்களாதேஷ் நண்பர் ஒருவர், இறந்தவர் எங்களுக்கு உறவா என்று கேட்டார். நடிகர் என்று சொன்னால் எங்கள் துக்கம் அவருக்கு விளங்காது என்று நினைத்து, தம்மிடம் வேலை செய்தவர்களுக்குத் தாம் சாப்பிட்ட சாப்பாட்டையே போட்ட மனிதர் என்று மட்டும் சொன்னேன். அவர் சற்று நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தம்முடைய பொட்டலத்தையும் மூடி வைத்துவிட்டார்.

படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்களுக்கு ஒரு சாப்பாடும், விளக்குத் தூக்குபவர்களுக்கும் துணை நடிகர்களுக்கும் வேறொரு சாப்பாடும் என்றிருந்த வழக்கத்தை மாற்றி, எல்லா இலையிலும் ஒரே பதார்த்தம் விழ வேண்டும் என்று நின்றவர் அவர். நண்பர் இப்ராகிம் ராவுத்தருடன் சேர்ந்து தியாகராய நகர் ராஜாபாதர் தெருவில் நடத்திய அலுவலகத்தில், வாய்ப்புத் தேடி வந்தவர்கள் யார் எவர் என்று கேட்கப்படாமலேயே பந்தியில் உட்கார வைக்கப்பட்டதைத் திரைத்துறையினர் பலரும் சொல்லியிருக்கிறார்கள். மதுரையில் அரிசி ஆலை நடத்திய குடும்பத்துப் பிள்ளை என்பதால், சோற்றின் அருமையும் அதற்காகக் காத்திருப்பவரின் முகமும் சிறு வயதிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நான் அவரை நேரில் கண்டது 2006-இல். அவருடைய கட்சி தொடங்கி ஓராண்டுகூட ஆகாத நிலையில், அவர் எங்கள் விருத்தாசலம் தொகுதியில் போட்டியிட்டார். அந்தத் தேர்தலில் அவருடைய கட்சியில் வென்றவர் அவர் ஒருவரே. எனக்கு இருபத்திரண்டு வயது; சிங்கப்பூருக்கு வருவதற்காக ஏஜெண்டுக்குக் கட்டவேண்டிய பணத்துக்கு அப்பா நிலத்தை அடகு வைத்திருந்த நேரம். கத்திரி வெயிலில் டீக்கடைப் பெஞ்சின்மேல் ஏறி நின்று பார்த்தேன். பிரச்சார வண்டியின் மேலே நின்றவருடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நீட்டப்பட்ட கைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தவர், கூட்டத்தில் நசுங்கிய ஒரு கிழவியைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். அந்தக் கிழவி வெளியே வரும்வரை வண்டி நகரவில்லை. அவ்வளவுதான் நான் கண்டது. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

இன்னொன்றையும் இங்கே எழுதிவிட வேண்டும். 2020 ஏப்ரலில் நோய்த்தொற்றுக் காரணமாக எங்கள் விடுதி அடைக்கப்பட்டு, பன்னிரண்டு பேர் ஓர் அறையில் வாசலைத் தாண்ட முடியாமல் கிடந்த நாட்களில், சென்னையில் தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் மக்கள் தடுத்தார்கள் என்ற செய்தி வந்தது. நாம் இங்கே இறந்தால் ஊர் நம்மை ஏற்குமா என்று அறையில் எல்லோருக்கும் ஒரே எண்ணம். அப்போதுதான், தம் ஆண்டாள் அழகர் பொறியியல் கல்லூரி நிலத்தின் ஒரு பகுதியை அத்தகையவர்களை அடக்கம் செய்யத் தருவதாக அவர் அறிவித்தார். மேல் கட்டிலில் படுத்திருந்த பட்டுக்கோட்டை நண்பர் அந்தச் செய்தியை இரண்டு முறை உரக்கப் படித்தார். அன்றிரவு நாங்கள் தூங்கினோம்.

இல்லத்தரசி, யீஷூன்

துவாஸ் தம்பி எழுதியதைப் படித்த பிறகு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மனத்திலேயே வைத்திருந்த ஒன்றைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. 2002-இல் தென்னிந்திய நடிகர் சங்கத் தலைவராக இருந்த விஜயகாந்த், சங்கத்தின் கடனை அடைப்பதற்காக ரஜினிகாந்த், கமல்ஹாசன் உள்ளிட்ட கலைஞர்களை அழைத்துக்கொண்டு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நட்சத்திரக் கலைவிழா நடத்தினார். சிங்கப்பூர் நிகழ்ச்சியில் நடனக் குழுப் பெண்களுக்கு உடை மாற்ற உதவும் தொண்டூழியர்களில் நானும் ஒருத்தி. ஊசியும் நூலும் பாதுகாப்பு ஊசிகளும் வைத்த பிஸ்கட் டப்பாவைக் கையில் பிடித்தபடி, பிற்பகல் இரண்டு மணியிலிருந்து மேடைக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தேன்.

பெரிய நடிகர்களைக் கண்டதும் எல்லோருக்கும் ஏற்படும் பரபரப்பு எனக்கும் இருந்தது என்றாலும், அன்று என் கண்ணில் நின்றவர் இவர்தாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு தாளுடன், மேடைக்கும் பின்வாசலுக்குமாக நடந்தபடியே இருந்தார். யார் வந்தார்கள், யார் வரவில்லை, பேருந்தில் யார் விடுபட்டார்கள் என்பதையெல்லாம் ஒரு கல்யாண வீட்டுத் தாய்மாமனைப்போல் அவரே கவனித்தார். மேடையிலிருந்து வந்த இசையில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அந்த இரைச்சலில், எட்டு ஒன்பது மணி இருக்கும், கூடத்தின் மறுகோடியில் நின்றவருடைய பார்வை எங்கள் பக்கம் திரும்பியது. ஐந்து விரல்களையும் குவித்து வாயருகே கொண்டுபோய், புருவத்தை உயர்த்தி, சாப்பிட்டாகிவிட்டதா என்று சைகையால் கேட்டார். நாங்கள் மூவரும் வெட்கத்தோடு தலையசைத்தோம். அது பொய் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ, கால் மணி நேரத்தில் ஒரு பையன் மூன்று தட்டுகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். நெய்ச்சோறும் கோழிக் குருமாவும். கலைஞர்கள் சாப்பிட்டதும் அதே நெய்ச்சோறுதான் என்பது பிறகு தெரிந்தது.

இப்போது நான் ஒரு கோயிலில் அன்னதானத்துக்குப் பரிமாறப் போகிறேன். அங்கே குரல் கொடுத்துக் கேட்பதைவிட அந்தச் சைகையைத்தான் அதிகம் பயன்படுத்துகிறேன்.

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், தோ பாயோ

நான் இங்கே பிறந்தவன். அவரை நேரில் பார்த்ததில்லை. சுவரில் காலைப் பதித்துத் திரும்பி உதைக்கும் சண்டைக் காட்சிகளை என் அப்பா வீடியோ கேசட் காலத்திலிருந்து ரசித்து வந்தவர். எனக்குத் தெரிந்ததெல்லாம், கடைசி ஆண்டுகளில் அவருடைய குழறிய பேச்சை வெட்டி ஒட்டிக் கேலிக்காகப் பரப்பிய துண்டுக் காணொளிகள்தாம். அவற்றில் சிலவற்றை நானும் நண்பர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். அது நோயின் பேச்சு என்பதும், ‘ஊமை விழிகள்’ படத்தை எடுத்த திரைப்படக் கல்லூரி மாணவர்களை 1986-இல் நம்பி நடித்தவர் அவர் என்பதும், அவர் இறந்த அன்றிரவு அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அப்பா கோபப்படவில்லை, சன்னமான குரலில் சொன்னார். அதனால்தான் இன்னும் வலிக்கிறது. என் கைப்பேசியிலிருந்து அவற்றை அழித்துவிட்டேன். அனுப்பியவற்றைத் திரும்பப் பெற முடியவில்லை.

கட்டுமானத் தொழிலாளி, துவாஸ்

யீஷூன் அக்கா, அந்தச் சைகையை நீங்கள் எழுதியதைப் படித்தபோது எங்கள் அறையில் இருந்தவர்களுக்கு அதை நான் செய்து காட்டினேன். தோ பாயோ தம்பி, நீங்கள் அதை மறைக்காமல் எழுதியது பெரிய காரியம்.

டிசம்பர் 29 அன்று, சென்னைத் தீவுத்திடலிலிருந்து கோயம்பேடுவரை சென்ற இறுதி ஊர்வலத்தை எங்கள் விடுதியில் இரவு ஒரே கைப்பேசியைத் தண்ணீர்ப் புட்டியில் சாய்த்து வைத்து இருபது பேர் பார்த்தோம். சாலையின் இருபுறமும் நின்றிருந்த கூட்டத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் இருக்கிறார்களா என்று தேடினோம். மாடியிலும் மரக்கிளையிலும் ஆட்கள். யாரையும் அடையாளம் காண முடியவில்லை. அரசு மரியாதையுடன் அவரை இறக்கியபோது, பட்டுக்கோட்டை நண்பர் எழுந்து குளியலறைக்குப் போய்விட்டார்.

அடுத்த ஆண்டு விடுப்பில் போனபோது, சென்னை விமான நிலையத்திலிருந்து நேரே ஊருக்குப் போகாமல், பெட்டியோடு கோயம்பேட்டில் இறங்கினேன். முன்பெல்லாம் விருத்தாசலம் பேருந்தைப் பிடிக்க எப்படியும் கோயம்பேட்டுக்குத்தான் போக வேண்டும். அவரை அடக்கம் செய்த மறுநாளே கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்டு, எங்கள் பக்கத்துப் பேருந்துகள் அங்கே மாறிவிட்டதால், இப்போது அவருக்காகவே தனியாகப் போக வேண்டியிருக்கிறது. நினைவிடத்தில் பூ வைத்துவிட்டு, அங்கே போடும் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஓர் ஆட்டோ ஓட்டுநர், பின்னால் பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகள். சோறு சூடாக இருந்தது. குழம்பை முகர்ந்து பார்க்காமலேயே ஊற்றிக்கொண்டேன்.