கரும்பு டிரைலருக்கு மஞ்சள் பிளிங்கர் லைட்: வயரிங் எப்படிச் செய்வது?

கே.வி.குப்பம் விவசாயி:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். எங்களுடையது 12 வோல்ட் டிராக்டர். அரவை தொடங்கிவிட்டால் ராத்திரியில்தான் கரும்பு லோடு கிளம்பும், லத்தேரி, காட்பாடி தாண்டி திருவலம் பக்கம் அம்முண்டி ஆலை வரைக்கும் போக வேண்டும். டிரைலரில் பின்விளக்கு இருந்தும் பிரயோசனம் இல்லை, தோகை தொங்கி மூடிவிடுகிறது. பின்னால் பைக்கில் வருகிறவருக்கு, கரும்பு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது முட்டப்போகிற தூரத்தில்தான் தெரியும், நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. பின்பக்கம் இரண்டு மூலையிலும் மஞ்சள் பிளிங்கர் (விட்டு விட்டு மினுக்கும் லைட்) போடலாம் என்றிருக்கிறேன். டவுனில் ஒரு கடையில் கேட்டால், இண்டிகேட்டர் வயரிலேயே முறுக்கி டேப் சுற்றிவிடலாம், சின்ன வேலை என்கிறார்கள். பக்கத்து ஊரில் அப்படிச் செய்த வண்டியில் டேஷ்போர்டுக்கு அடியில் வயர் உருகிவிட்டது. சரியான முறை என்ன, பேட்டரி இறங்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

காட்பாடி ஆட்டோ எலெக்ட்ரிக்:
தம்பி, இண்டிகேட்டர் வயரில் கை வைக்கவே வேண்டாம். நீங்கள் வாங்கப்போகும் லைட்டுக்குள்ளேயே மினுக்கும் சர்க்யூட் இருக்கும், அதற்கு விடாமல் 12 வோல்ட் வர வேண்டும். இண்டிகேட்டர் வயரிலோ கரண்ட் விட்டு விட்டுத்தான் வரும், இரண்டும் சேர்ந்தால் தாறுமாறாக எரியும். பழைய டிராக்டர்களில் இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் ஃபிளாஷர் யூனிட், பல்பு எடுக்கும் கரண்டை வைத்தே வேலை செய்கிறது, கூடுதல் லோடு போட்டால் இண்டிகேட்டரின் வேகமே மாறிவிடும்.

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பாசிட்டிவிலிருந்து தனி வயர் எடுத்து, ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே ஃப்யூஸ் போடுங்கள். ஃப்யூஸ் இருப்பது வயரைக் காப்பாற்றத்தான், லைட் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் வழியில் எங்காவது வயர் உரசி பாடியில் பட்டால் பேட்டரியின் முழு கரண்டும் அந்த வயரில் பாய்ந்து தீப்பிடிக்கும். எல்.இ.டி. லைட் இரண்டும் தலா 15 வாட் என்றால் மொத்தம் இரண்டரை ஆம்பியர், 5 ஆம்பியர் ஃப்யூஸும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயரும் போதும். சுழலும் 55 வாட் ஹாலோஜன் இரண்டு போட்டால் 9 ஆம்பியருக்கு மேல் போகும். பேட்டரியிலிருந்து டிரைலர் கடைசி வரை 8 மீட்டர் என்று வைத்தால், போக வர 16 மீட்டர், அதே 1.5 வயரில் கிட்டத்தட்ட 1.8 வோல்ட் வழியிலேயே போய்விடும், லைட் மங்கும். எல்.இ.டி.க்கு அரை வோல்ட்தான் குறையும். எல்.இ.டி.யே வாங்குங்கள்.

எர்த்துக்கும், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழிக்கும், தனி வயர் இழுங்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். டிரைலர் கொக்கியின் பின்னை நம்பி எர்த் விடுகிறார்கள், அதில் கிரீஸும் துருவும்தான் இருக்கிறது, பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் லைட் மங்கி மங்கி எரியும். டிராக்டரையும் டிரைலரையும் இணைக்கும் சாக்கெட்டில் வயர் கலரை நம்பாமல் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். முறுக்கி டேப் சுற்றுவது மழைக்கும் வெயிலுக்கும் நிற்காது, வயர் முனையில் லக் (உலோக முனை) அழுத்தி, சூடுபட்டால் சுருங்கிப் பிடிக்கும் ஸ்லீவ் போட்டுச் சுடுங்கள். தகட்டு ஓட்டை வழியாக வயர் போகிற இடத்தில் ரப்பர் புஷ் கட்டாயம்.

ராணிப்பேட்டை டிரைவர்:
அண்ணன் சொன்னது சரி. ஸ்விட்சைச் சாவி வழியாகக் கொடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள், நான் வேண்டாம் என்பேன். வண்டி ரிப்பேராகி ரோட்டில் நிற்கும்போதுதான் இந்த லைட் ரொம்ப அவசியம், அப்போது இன்ஜின் ஓடாது. நேராக பேட்டரியிலிருந்து எடுத்து, ஸ்விட்ச் பக்கத்தில் லைட் எரிவதைக் காட்டும் சின்ன பல்பு ஒன்று வைத்தால் அணைக்க மறக்காது. இரண்டரை ஆம்பியர் என்றால் 8 மணி நேரம் எரிந்தாலும் 20 ஆம்பியர் மணிதான், 75 ஆம்பியர் மணி பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் தாங்கும். அதே 8 மணி நேரம் ஹாலோஜன் எரிந்தால் காலையில் ஸ்டார்ட்டரே சுற்றாது.

அப்புறம் மஞ்சளை விட்டு சிவப்பு, நீலம் பக்கம் போகாதீர்கள். 2017 மே 1 முதல் மந்திரிகள் காரிலேயே சுழலும் சிவப்பு விளக்கை எடுத்துவிட்டார்கள், சிவப்பு நீலம் மினுக்குவதெல்லாம் அவசரப் பணி வண்டிகளுக்குத்தான். மஞ்சளுக்கும் ஒரு வார்த்தை ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிடுங்கள்.

கே.வி.குப்பம் விவசாயி:
ரொம்ப நன்றி அண்ணா, எல்.இ.டி.யே வாங்குகிறேன். ஆனால் தோகை மறைப்பதற்கு என்ன வழி?

காட்பாடி ஆட்டோ எலெக்ட்ரிக்:
டிரைலர் சட்டத்தில் வைத்தால் பழைய லைட்டின் கதிதான் இதற்கும். ஒரு கட்டையில் இரண்டு லைட்டையும் பூட்டி, லோடு ஏற்றிய பிறகு நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பின் நுனியில் கயிறு போட்டுக் கட்டுங்கள், வயர் கூடுதலாக 2 மீட்டர் விட்டு, இழுத்தால் கழன்றுவிடும் சாக்கெட் வையுங்கள், ஆலையில் இறக்கும்போது வயர் அறுந்துபோகாது. அதே கட்டையில் சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப்பும் ஒட்டுங்கள், லைட் போனாலும் பின்னால் வருகிற ஹெட்லைட்டில் அது தெரியும். பக்கத்துக்கு மஞ்சள் டேப், முன்னால் வெள்ளை. உதிரி ஃப்யூஸ் இரண்டு டூல் பாக்ஸில் போட்டு வையுங்கள், ஃப்யூஸ் போனால் கம்பி வைத்து ஒட்டிவிட்டு ஓட்ட வேண்டாம், எங்கே வயர் உரசுகிறது என்று பார்த்த பிறகு மாற்றுங்கள்.