தனுஷ்கோடி இடிபாடுகள்: குடும்பத்தோடு போனபோது நீங்கள் கண்டது என்ன?

பரமக்குடிக்காரர்:
அரிச்சல்முனை, கோதண்டராமர் கோயில் எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கு மனதை விட்டுப் போகாதது அந்த சர்ச் சுவர். முழுக்கப் பவளக்கல். கிட்டப் போய்ப் பார்த்தால் தேன்கூடு மாதிரி பொடிப்பொடிக் குழிகள். என் மகள் அவற்றை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே ஒருத்தர் கார் சாவியை விட்டு நெம்பி ஒரு துண்டைப் பெயர்த்தார். சங்கு, பாசி விற்கிற ஆத்தா ஓடிவந்து, "எங்க அப்பனும் ஆத்தாளும் மாலை மாத்துன இடம்யா, வச்சிட்டுப் போ" என்று கத்தினார். அந்த ஆள் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறிவிட்டார். இப்போதும் நினைத்தால் வயிறு எரிகிறது.

தொண்டிக்காரன்:
ஒரு துண்டுக்கு இவ்வளவா? உப்புக்காற்று அறுபது வருஷமாகத் தின்கிறதே. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் பாம்பன் பாசஞ்சர் ரயிலே கடலோடு போன இடம் அது. நான் கண்டது வேறு. மீனவர் குடிசைப் பக்கம், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து ஒரு அக்கா தண்ணீர் மொண்டு கொடுத்தார். துளி உப்பில்லை! மழைத்தண்ணீர் கனம் குறைவு, அதனால் மணலுக்குள் உப்புத்தண்ணீருக்கு மேலே நிற்கிறது.
அப்புறம், போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் ஒதுங்க நிழல் கிடைக்காது. குடிதண்ணீர், குழந்தைகளுக்குத் தொப்பி கட்டாயம். அரிச்சல்முனையில் குளிக்க இறங்கவே இறங்காதீர்கள். இரண்டு கடலும் சேருகிற இடம், இழுப்பு பலம். போட்டோ எடுக்கிற நேரத்திலும் பிள்ளைகள் கையை விடாதீர்கள்.

மண்டபத்து மருமகள்:
தொண்டி அண்ணே, காற்று அரிப்பதும் ஆள் பெயர்ப்பதும் ஒன்றா? காற்றை நிறுத்த முடியாது, ஆளை நிறுத்தலாம். கடலில் இருக்கிற பவளத்துக்கே 2001-இலிருந்து வனவிலங்குச் சட்டத்தில் புலிக்கு உள்ள பாதுகாப்பு இருக்கிறது. அந்த ஆத்தா கத்தியது ரொம்பச் சரி. என் மாமனார் சின்ன வயதில் போட் மெயில் ரயிலில் வந்து, இங்கே கப்பலேறி இலங்கையில் இருக்கிற தலைமன்னார் போனவர். ஸ்டேஷன் சுவரைக் காட்டி "இங்கதான் எங்க அய்யா பெட்டியை இறக்குனாரு" என்று பேரனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதே சுவரில் ஒரு பையன் பெயிண்டால் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தான். டப்பாவைப் பிடுங்கிக்கொண்டேன். சண்டைக்கு வந்தான். வரட்டும்.