அமெச்சூர் இசை நாடகச் சங்கம்: கர்நாடக சங்கீதம் பழகிய காதுக்கு ஆல்டோ வரிசை பிடிபடுமா?

திருச்சிக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தில், யார்க்‌ஷயரின் ஒரு சிற்றூர் மருத்துவமனையில் மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். கடந்த செப்டம்பரில், வேலைக்கும் வீட்டுக்கும் வெளியே நான்கு மனிதர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக, உள்ளூர் அமெச்சூர் இசை நாடகச் சங்கத்தில் சேர்ந்தேன். திங்கள், வியாழன் இரவுகளில் ஏழரை மணி முதல் பத்து மணி வரை ஒரு மெதடிஸ்ட் ஆலயக் கூடத்தில் ஒத்திகை நடக்கிறது. இந்த ஆண்டு, கில்பர்ட் எழுதி சல்லிவன் இசையமைத்த 'பென்ஸான்ஸ் கடற்கொள்ளையர்' என்ற இசை நாடகத்தை மே மாதம் மேடையேற்றுகிறோம். அதில் மேஜர் ஜெனரலுக்கு எண்ணிக்கையில்லாமல் மகள்கள் உண்டு. பெண்கள் கோரஸ், அதாவது பெண்கள் பாட்டுக்குழு, என்பதே அந்த மகள்கள்தான். அவர்களில் ஒருத்தி நான்.

சிறுவயதில் பன்னிரண்டு ஆண்டுகள் வாய்ப்பாட்டு கற்றவள் என்பதால் பாட்டைப் பற்றி எனக்கு எந்தக் கவலையும் இருக்கவில்லை. ஆனால் இசை இயக்குநர் என் குரலைக் கேட்டுவிட்டு, கீழ்ஸ்தாயியில் நன்றாக நிற்கிறது என்று சொல்லி பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ வரிசையில் உட்கார வைத்த நாளிலிருந்து தூக்கம் போயிற்று. பக்கத்தில் மேல்குரல்காரர்களான சோப்ரானோக்கள் மெட்டைப் பாடும்போது என் தொண்டை தானாகவே அவர்களுடைய ஸ்வரத்துக்கு ஏறிவிடுகிறது. அதைத் தடுத்தால், நீளமாகப் பிடிக்க வேண்டிய ஸ்வரத்தில் என்னையறியாமல் ஒரு அசைவு விழுகிறது. இயக்குநர் பியானோவை நிறுத்திவிட்டு, "யாரோ சறுக்குகிறீர்கள்" என்று பொதுவாகச் சொல்கிறார், எல்லோரும் அவரவர் புத்தகத்தைப் பார்க்கிறார்கள், நானும் பார்க்கிறேன். முதல் அங்கத்தின் முடிவில் இசைக்கருவிகள் அனைத்தும் நின்றுபோய், கவிதையை வாழ்த்தி நான்கு குரல் வரிசைகளும் துணையின்றிப் பாடும் ஓர் இடம் இருக்கிறது. அங்கே மறைந்துகொள்ள ஒரு பியானோகூட இல்லை.

மேற்கத்திய நொட்டேஷனும் எனக்கு வாசிக்க வராது. இந்த வயதில் இது கூடிவருமா? இன்னொன்று, சற்றுக் கூச்சத்துடன் கேட்கிறேன்: நடிப்பவர்களே சந்தாவும் கட்டி, டிக்கெட்டும் விற்க வேண்டும் என்பது எல்லா ஊரிலும் வழக்கம்தானா? உடைப் பட்டியலில் எங்கள் எல்லோருக்கும் 'தோல் நிறக் காலுறை' என்று எழுதியிருக்கிறார்கள். யாருடைய தோல் என்று நான் இன்னும் கேட்கவில்லை.

பாளையங்கோட்டை டெனர் எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் பாளையங்கோட்டையில் ஆலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவன். இப்போது ஒன்பது ஆண்டுகளாகக் கென்ட் பகுதியில் ஒரு சங்கத்தில் ஆண்களின் மேல்குரலான டெனர் பாடுகிறேன். நீங்கள் சொல்லும் நோய் எனக்குப் பத்து வயதில் வந்து தீர்ந்ததால், மருந்து கொஞ்சம் தெரியும்.

எங்களுக்கு மேற்கத்திய நொட்டேஷனின் ஐந்து கோடுகளில் யாரும் சொல்லித்தரவில்லை. 'டானிக் சோல்ஃபா' என்ற எழுத்து முறையில்தான் கற்றோம். 19ஆம் நூற்றாண்டில் ஜான் கர்வென் என்ற ஆங்கிலேயப் போதகர் பரப்பிய முறை அது. அதில் 'டோ' என்பது பியானோவின் எந்தக் கட்டையிலும் உட்காரலாம். மற்றவை அதிலிருந்து எண்ணப்படும். கர்நாடக சங்கீதம் கற்ற உங்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை, நம்முடைய ஷட்ஜமும் அப்படித்தானே. ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் 'ச' எது என்று இயக்குநரிடம் கேட்டு, ஆல்டோ வரிக்கு மேல் ச ரி க என்று பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். மேஜர் ஸ்கேல் என்றால் சங்கராபரணத்தின் ஸ்வரஸ்தானங்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம். ஆனால் உங்கள் வழக்கமான சுருதியை வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். பாட்டின் நடுவிலேயே 'ச' இடம் மாறும். அங்கே ஒரு கோடு போட்டு, "பழைய ப இனி ச" என்று எழுதுங்கள். 'ச'வை இடம் மாற்றி வேறு ராகம் காட்டும் கிரக பேதம் முழுதும் அதுவல்ல என்றாலும், அந்தப் பழக்கம் உள்ள மனம் அந்தத் திருப்பத்தில் தடுமாறாது.

இனி சறுக்கல். நமக்கு ஸ்வரம் என்பது ஓரிடத்தில் குத்திட்டு நிற்கும் புள்ளியல்ல; ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியிலும் சங்கீதம் இருக்கிறது என்றே பழக்கப்பட்டிருக்கிறோம். ஆல்டோ வரியிலோ மூன்று வரி முழுவதும் ஒரே பஞ்சமத்தில் நிற்கச் சொல்வார்கள். தனியாகப் பாடினால் அது பாட்டே அல்ல, மந்திரம் ஓதுவது போல இருக்கும். மற்ற மூன்று வரிசைகளும் அதைச் சுற்றி நகரும்போதுதான் அந்த ஒற்றை ஸ்வரத்தின் நிறமே மாறுவது காதில் விழும். அதைக் கேட்கத் தொடங்கும்வரை அந்த இடத்தில் கமகம், அதாவது ஸ்வரத்துக்கு அசைவு, கொடுக்காமல் இருப்பது பெரும் தண்டனையாகத் தோன்றும். தம்புராவை நினைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் வேலை சில இடங்களில் பாடகியுடையது அல்ல, தம்புராவுடையது.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒத்திகைக்கு வாசிப்பவரிடம் கேட்டு, ஆல்டோ வரியை மட்டும் பியானோவில் வாசித்துத் தரச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். சோப்ரானோ வரியையும் தனியாகப் பதியுங்கள். முதல் வாரம் ஆல்டோ பதிவோடு சேர்ந்து பாடுங்கள். இரண்டாம் வாரம் சோப்ரானோ பதிவை மெல்ல ஒலிக்கவிட்டு, அதற்கு எதிரே உங்கள் வரியைப் பாடுங்கள். பிறகு ஒலியை நாளுக்கு நாள் கூட்டுங்கள். பலரும் செய்யும் பிழை, சோப்ரானோவைக் கேட்காமல் காதை அடைத்துக்கொண்டு தப்பிக்க முயல்வது. வீட்டில் அது பலிக்கும், மேடையில் காதில் விரல் வைத்துக்கொண்டு நிற்க முடியாது. ஒத்திகையில் ஆல்டோ வரிசையின் ஓரத்தில், சோப்ரானோக்களை ஒட்டி உட்காராதீர்கள். அனுபவமுள்ள இரண்டு ஆல்டோக்களுக்கு நடுவில் இடம் கேளுங்கள், கொடுப்பார்கள்.

உங்களுக்குச் சாதகமான ஓர் இடமும் அதே நாடகத்தில் இருக்கிறது. காதலர் இருவரும் மூன்று எண்ணிக்கையில் வால்ட்ஸ் பாட, மகள்கள் எல்லோரும் வானிலையைப் பற்றி இரண்டு எண்ணிக்கையில் கடகடவென்று அரட்டை அடிப்பார்கள். பிறகு இரண்டும் ஒரே நேரத்தில் கேட்கும். என் சங்கத்துப் பெண்கள் அதற்கு ஆறு வாரம் எடுத்துக்கொண்டார்கள். கையில் தாளம் போட்டு வளர்ந்தவருக்கு ஒரு மாலை போதும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நான் பாடுவதில்லை, மிட்லண்ட்ஸ் பகுதியில் ஒரு சங்கத்துக்குப் பொருளாளராகவும், நாடக வாரத்தில் மேடைக்குப் பின்னால் பொருள் எடுத்துக் கொடுப்பவளாகவும் இருக்கிறேன். எனவே இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில்.

ஆம், நடிப்பவர்கள் பணம் கட்டுவது இந்நாட்டில் பொது வழக்கம். எங்களிடம் ஆண்டுச் சந்தா 60 பவுண்டு, அதற்கு மேல் ஒவ்வொரு நாடகத்துக்கும் தனிக் கட்டணம் 45 பவுண்டு. அது யாருடைய சட்டைப்பைக்கும் போவதில்லை. அரங்க வாடகைதான் எப்போதும் முதலிடம். அடுத்தது இசைக்குழு, ஏனெனில் நாம் சும்மா பாடலாம், கூலிக்கு வரும் கிளாரினெட்காரர் சும்மா வாசிக்க மாட்டார். பிறகு உடை வாடகை, ஒளி, ஒலி, காப்பீடு. ஐந்து காட்சிகளுக்கு அரங்கு முக்கால்வாசியாவது நிறைந்தால்தான் கணக்கு நேராகும். அதனால்தான் டிக்கெட்டை உங்கள் கையில் திணிக்கிறார்கள். உங்கள் மருத்துவமனை அறிவிப்புப் பலகையில் ஒரு சுவரொட்டி ஒட்ட அனுமதி வாங்குங்கள், பொருளாளர் உங்களை மறக்க மாட்டார்.

ஒரு வகையில் உங்கள் சங்கம் இந்த ஆண்டு தப்பித்தது என்றே சொல்வேன். புதிய இசை நாடகம் என்றால் உரிம நிறுவனத்துக்கு வசூலில் ஒரு பங்கு கட்ட வேண்டும். அதே நாடகம் தொழில்முறைக் குழுவோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தால் அமெச்சூர்களுக்கு உரிமம் கொடுக்காமலும் நிறுத்தி வைப்பார்கள். வாடகைக்கு வரும் இசைப் புத்தகங்களில் எழுதிய பென்சில் குறிப்புகளை எல்லாம் அழித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அழிக்காவிட்டால் தனிக் கட்டணம் கேட்பவர்களும் உண்டு. உங்கள் பழைய நாடகத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. கில்பர்ட் 1911இல் இறந்தார். அன்றைய சட்டப்படி ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1961 முடிவில் பதிப்புரிமை தீர்ந்தது. அதுவரை, அந்த நாடகங்களை நடத்திவந்த டாய்லி கார்ட் கம்பெனியின் அனுமதி இல்லாமல் இங்கே யாரும் அவற்றை மேடையேற்ற முடியாதிருந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு: கில்பர்ட், சல்லிவன் இருவருடைய முந்தைய நாடகத்தை அமெரிக்காவில் பலர் ஒரு காசு கொடுக்காமல் நடத்திச் சம்பாதித்த எரிச்சலில்தான், 'கடற்கொள்ளையர்' நாடகத்தை 1879 டிசம்பர் 31 அன்று நியூயார்க்கிலேயே முறைப்படி அரங்கேற்றினார்கள்.

'அமெச்சூர்' என்ற சொல் நம் ஊர்க்காரர்களுக்குச் சற்று மட்டமாகக் கேட்கிறது என்பதைக் கவனித்திருக்கிறேன். இந்நாட்டுச் சங்கங்கள் 'நோடா' என்ற தேசியக் கூட்டமைப்பாக ஒன்றுகூடியது 1899இல். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1891இல், சென்னையில் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சுகுண விலாச சபையைத் தொடங்கிவிட்டார்கள். பிழைப்புக்காக அல்லாமல் ஆசைக்காக நடித்த படித்தவர்களின் சபை அது.

காலுறையைப் பற்றி: உடைப் பொறுப்பாளரிடம் இன்றே சொல்லுங்கள், நாடக வாரம் வரை வைத்திருக்காதீர்கள். அந்த நாடகத்தில் மகள்கள் முதன்முதலில் தோன்றும் இடத்திலேயே, கடலில் கால் நனைப்பதற்காகக் காலணியைக் கழற்றுவார்கள். கதாநாயகன் குறுக்கிட்டதும் ஒற்றைக் காலில் தத்துவார்கள். அரங்கமே உங்கள் காலைத்தான் பார்க்கும். பெரும்பாலும் கெட்ட எண்ணம் இருக்காது, யாரும் யோசிக்கவில்லை என்பதுதான் காரணமாக இருக்கும்.

விலகியவன் எழுதியது:

மேலே எழுதிய இருவரும் இன்னும் உள்ளே இருப்பவர்கள் என்பதால், வெளியே வந்த ஒருவனின் சொல்லும் இருக்கட்டும். ஐந்தாண்டுகள் இருந்தேன். பாத்திரத் தேர்வு நடக்கும். தேர்வுக்கு முன்பே கதாநாயகி யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஆண்களுக்குப் பஞ்சம் என்பதால் எனக்கு இரண்டாம் ஆண்டே சிறு பாத்திரம் கிடைத்தது; என்னைவிடப் பலமடங்கு நன்றாகப் பாடிய பெண்கள் பத்து ஆண்டுகளாகக் கோரஸில் நின்றார்கள். கில்பர்ட், சல்லிவனின், ஜப்பானைக் களமாகக் கொண்ட 1885ஆம் ஆண்டு 'மிகாடோ' நாடகத்தை எடுத்தபோது, எல்லோருக்கும் கண்ணோரத்தில் மை இழுத்து முகத்துக்குப் பூச்சு பூசுவது என்று முடிவாயிற்று. நான் தயங்கியதைப் பார்த்து ஒரு மூத்த உறுப்பினர், "உங்களுக்கு அதிகம் தேவைப்படாது" என்றார். நகைச்சுவையாகத்தான் சொன்னார். பல சங்கங்கள் இன்று அந்த ஒப்பனையைக் கைவிட்டுவிட்டன, நாடகத்தை வேறு களத்துக்கு மாற்றியும் நடத்துகின்றன. எங்கள் குழு அப்போது அதைப் பேசுவதற்கே தயாராக இல்லை.

நேரத்தையும் கணக்கிடுங்கள். நாடக வாரத்தில் ஞாயிறன்று அரங்கில் பொருள் இறக்குவது, திங்களன்று தொழில்நுட்ப ஒத்திகை, செவ்வாயன்று உடை ஒத்திகை, புதன் முதல் சனி வரை காட்சிகள், சனிக்கிழமை பகலிலும் ஒன்று. அத்தோடு வேலைக்கும் போனால் வியாழனன்று உங்கள் குரல் இருக்காது. விடுப்பை இப்போதே எழுதிப் போடுங்கள். போகாதீர்கள் என்று சொல்லவில்லை; நான் இன்றும் அவர்களுடைய நாடகங்களுக்கு டிக்கெட் வாங்குகிறேன்.

திருச்சிக்காரி எழுதியது:

மூவருக்கும் நன்றி. மூன்று மாதங்கள் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். நாடகம் கடந்த சனிக்கிழமை முடிந்தது.

டெனர் அண்ணா சொன்னபடி ஆல்டோ வரி முழுவதற்கும் ச ரி க ம எழுதினேன். என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த, முப்பது ஆண்டுகளாக அங்கே பாடும் ஓய்வுபெற்ற ஆசிரியை அதை எட்டிப் பார்த்து, இது என்ன மொழி என்று கேட்டார், விளக்கினேன். அடுத்த வாரம் அவர் என்னிடம் ஒரு பகுதியைக் காட்டி, இங்கே 'ச' எது என்று கேட்டதில் எனக்கு அநியாயத்துக்குப் பெருமை. வால்ட்ஸ் இடத்தில், எண்ணிக்கை தப்பும் மூன்று பேருக்கு நான் பாவாடை மடிப்புக்குள் விரலால் தாளம் போட்டுக் காட்டுவது கடைசிக் காட்சி வரை நடந்தது.

இசைக்குழுவோடு முதன்முதலில் உட்கார்ந்து பாடிப் பார்க்கும் ஒத்திகைக்கு 'சிட்ஸ்ப்ரோபே' என்று ஜெர்மன் பெயராம். அன்று அந்தத் துணையில்லாப் பாட்டில் நான் மறுபடியும் சோப்ரானோவுக்கு ஏறிவிட்டேன், மறைக்க விரும்பவில்லை. புதன்கிழமை மேடையில், முதல் ஸ்வரத்தைத் தொட்டதும், எனக்குப் பின்னால் நின்ற பாஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) குரல்காரர்களின் ஒலி மரத்தளம் வழியாகக் காலில் அதிர்ந்தது. அதன் மேல் என் ஸ்வரத்தை வைத்தேன், அது நின்றது. வெள்ளிக்கிழமை ஒரு வரி சறுக்கினேன். மற்ற நாட்களில் இல்லை.

காலுறை விஷயம் கேட்ட மறுநாளே தீர்ந்தது. உடைப் பொறுப்பாளர் முகம் சிவந்து, மூன்று நிறங்களில் வாங்கி வந்து என் கையருகே வைத்துப் பார்த்தார். நடுவில் இருந்தது பொருந்தியது. டிக்கெட் பதினொன்று விற்றேன், அவற்றில் ஏழு மருத்துவமனையில்.

சனி இரவு கடைசிக் காட்சி முடிந்து, இரண்டாம் அங்கத்தின் பாழடைந்த தேவாலயத்தைத் திருகாணி திருகாணியாகக் கழற்றி வண்டியில் ஏற்றி முடித்தபோது பன்னிரண்டே கால். அடுத்த ஆண்டுக்கு உரிமம் பெற்ற நாடகம் என்று அறிவித்துவிட்டார்கள், புத்தகம் வாடகைக்கு வருகிறதாம். கணக்குப்பிள்ளை அக்கா, எளிதில் அழியும் பென்சில் எது என்று சொல்லுங்கள்; இந்த முறை நான் அழுத்தி எழுதியதெல்லாம் பக்கத்தின் மறுபுறம் தெரிகிறது.